ஏற்காட்டில் கொதித்த தண்ணீர்

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்னும் இடத்தில் கூல்டிரிங்க்ஸ் கடை வைத்திருக்கும் அப்துல் ரஹீமின் மகள் ஹலீமா லேசில் எதையும் நம்ப மாட்டாள். தேங்காயைக்கூட நாலு தரம் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவாள். குணத்துக்கேற்ற உத்தியோகமும் வாய்த்தது. எண்ணெய்க் கிணற்றின் அடியில் எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம் என்று சொல்லும் சென்சார்களைச் சோதித்து, தேறியதை அனுப்பும் சேலத்துக் கம்பெனியில் வேலை.

இந்தத் தடவை அவள் பொறுக்குவது, டெல்டாப் பக்கம் அவள் புருஷன் முகமது இஸ்மாயில் வேலை பார்க்கும் கிணற்றுக்கு. உள்ளே இறக்கிய சென்சார் பொய் சொன்னால், மேலே நிற்கிறவன் அதை நம்பித்தானே கை வைப்பான்!

கடைசியில் மிஞ்சிய இரண்டு சென்சார்களும் ஒன்றுக்கொன்று ஐந்து டிகிரி வித்தியாசம் காட்டின. எது பொய்? பார்ப்பதற்குள் மழையில் மலைப்பாதை சரிந்து சேலத்துக்குப் போகும் பஸ் நின்றுவிட்டது. கம்பெனியிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த இரண்டையும் வீட்டு அடுப்பில் கொதிக்கிற தண்ணீரில் விட்டாள். ஒன்று நூறு காட்டியது, இன்னொன்று தொண்ணூற்றைந்து.

"நூறு காட்டுறதே இருக்கட்டுமுங்க" என்று மேனேஜர் தேவகுமாரிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, சமைக்கப் போனாள்.

குக்கர் வாஷர் அறுந்திருந்தது. துவரம்பருப்பைச் சட்டியில் போட்டாள். கொதியோ கொதியென்று கொதித்தும் பருப்பு கல்லு மாதிரி கிடந்தது. "இந்த மலையில குக்கரில்லாம ஒண்ணு வேகுதா பாரு" என்று முணுமுணுத்தவள் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

யா அல்லா! மலைமேல் தண்ணீர் நூறுக்கு முன்னாலேயே கொதித்துவிடுமே! பிறந்ததிலிருந்து இங்கேதானே பருப்போடு மல்லுக்கட்டுகிறாள்!

அத்தாவின் கடைக்கு ஓடி ஐஸ் அள்ளி வந்தாள். உருகுகிற ஐஸ் மலையானாலும் கடலானாலும் பூஜ்யம்தான். தொண்ணூற்றைந்து காட்டியது அச்சு அசலாகப் பூஜ்யத்தில் நின்றது. நூறு காட்டிய புண்ணியவான் ஐந்தில் நின்றான்.

தேவகுமாரியிடம் தப்பைச் சொல்லி மாற்றிய கையோடு புருஷனைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஏற்காட்டுக்காரிக்கே ஏற்காடு மறந்துபோச்சா புள்ள?"

"சிரிக்காதீங்க. அந்தப் பொய்யை உங்க கிணத்துக்கே அனுப்பியிருப்பேனுங்க."

"அனுப்பியிருந்தா என்ன? நீ பொறுக்கினதுன்னா நான் கண்ணை மூடிட்டு நம்பியிருப்பேன்."

"அதானுங்க எனக்குப் பயம்" என்றாள். அழுதுவிட்டாள்.

பருப்பு அப்போதும் வேகவில்லை.