இருபத்தோராவது கரண்டி

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தோட்டாவுக்கான பித்தளைக் குப்பியின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்க்கிறார் என்சியோ. பார்த்துவிட்டு, நம்பிக்கை வராமல் இன்னொரு முறை பார்க்கிறார். பிறகுதான் அடுத்த குப்பி. ஊசி போடும் நர்ஸ்கூட மருந்தை இத்தனை தடவை பார்க்க மாட்டார்.

அவர் மேஜையில் ஒரு சட்டம் உண்டு. காலிக் குப்பி தலைகீழாக நிற்க வேண்டும். வெடிமருந்து விழுந்த குப்பி மட்டுமே வாய் மேலே பார்த்து நிற்கலாம். இந்தச் சட்டம் விறகுக் கொட்டகையை ஒட்டிய அந்தச் சின்ன அறையோடு நின்றிருந்தால் தேவலை, சமையலறைக்கும் வந்துவிட்டது. காப்பி ஊற்றும்வரை கோப்பைகள் கவிழ்ந்தே இருக்கும். அவர் மனைவி ஐலா வேண்டுமென்றே தன் காலிக் கோப்பையை நிமிர்த்தி வைத்து, "இந்தா, வெடிக்கப் போவுது, ஓடு!" என்பார். முப்பத்துநாலு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது.

என்சியோவுக்கு வயது அறுபத்துமூன்று. பள்ளிக்கூடத்துக் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இருபத்தெட்டு வருஷம் அது வெடித்துவிடும் என்று பயந்து பயந்தே வேலை பார்த்தார், அது வெடிக்கவேயில்லை. மிச்சமிருந்த பயத்தை எல்லாம் இந்த மேஜைக்குக் கொண்டுவந்துவிட்டார். பழைய கார்ச் சக்கரங்களில் ஒட்டியிருக்கும் ஈயத் துண்டுகளைச் சேர்த்து உருக்கி, அச்சில் ஊற்றிக் குண்டு வார்க்கிறார். முடிந்ததும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுகிறார். கழுவின கையை முகர்ந்து பார்த்து மறுபடியும் கழுவுகிறார்.

எல்லாம் பக்கத்துப் பண்ணை ஹில்க்காவின் குதிரைகளுக்காக. ஒரு வருஷம் யாரோ சுட்ட சத்தத்தில் அவருடைய சினைக்குதிரை மிரண்டு வேலியைத் தாண்டிக் காலை ஒடித்துக்கொண்டது. அதிலிருந்து காய்னூ வட்டாரத்தின் இந்த மூலையில், கோழி திருடும் நரியைச் சுடுவதென்றாலும் சத்தம் வெளியே கேட்கக் கூடாது. குழலில் சைலன்சர் மாட்டினால் மட்டும் போதாது. குண்டு ஒலியைவிட மெதுவாகப் போனால்தான் காற்றைக் கிழிக்கும் சத்தமும் அடங்கும். அதற்காகப் பெரிய குப்பிக்குள் ஒரே ஒரு சின்னக் கரண்டி மருந்து. வம்பும் அதில்தான் இருக்கிறது. அண்டாவில் ஒரு பிடி அரிசி போட்டது போல, இன்னொரு கரண்டி விழுந்தாலும் வழியாது, சுடும்போதுதான் தெரியும். அப்போது துப்பாக்கியே சுடுகிறவர் கன்னத்தருகே வெடிக்கலாம்.

அந்தக் கன்னம் ஐலாவுடையது. துப்பாக்கி அனுமதி இருவர் பெயரிலும் இருக்கிறது. ஆனால் விசையைத் தொட்டாலே என்சியோவுக்கு விரல் நடுங்கும். தோட்டா செய்வது இவர், சுடுவது அவர்.

போன அக்டோபரில் இரண்டு நாளில் இரண்டு கோழிகள் போய்விட்டன. நரி மதியக் காப்பி நேரத்துக்கு ஓடைப்பக்கம் வருவதை ஐலா பார்த்து வைத்திருந்தார். கையில் தோட்டா இல்லை.

"இன்னும் எவ்வளவு நேரம்யா? நரி என்ன, உன்னைக் கேட்டுக்கிட்டா வரும்?"

"இருபதே இருபதுதான். கொஞ்சம் பொறு."

என்சியோவுக்கு விரல் மூட்டெல்லாம் வலி. ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்காமல், கடைசி வரிசைக் குப்பிகள் ஐந்தையும் ஒரேயடியாக நிமிர்த்திவிட்டார். தன் சட்டத்தைத் தானே மீறியது அதுதான் முதல் தடவை. மூன்றாவது குப்பியில் ஊற்றிய கையோடு போன் அடித்தது. அவர் அக்கா இர்யா, உருளைக்கிழங்கு வேண்டுமா என்று கேட்டார். திரும்பி வந்து, விட்ட இடம் என்று நினைத்த இடத்திலிருந்து ஊற்றினார். டார்ச்சை ஐலா கோழிக்கூட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தபோது எல்லாக் குப்பியிலும் அடியில் கறுப்பாக ஏதோ இருந்தது. சரியென்று குண்டுகளைப் பொருத்தி முடித்துக் கைகழுவப் போனார். வந்து பார்த்தால் தோட்டாப் பெட்டியைக் காணோம்.

வேலை முடிந்ததும் மருந்து டப்பாவை எடை போடுவது அவர் வழக்கம். இருபது கரண்டி குறைந்திருக்க வேண்டும். இருபத்தொன்று குறைந்திருந்தது. இன்னொரு முறை எடை போட்டார். அதே இருபத்தொன்று. மேஜையில் ஒரு மணிகூடச் சிந்தவில்லை. ஏதோ ஒரு தோட்டாவில் இரண்டு கரண்டி விழுந்திருக்கிறது.

வயலின் மறுகோடியில் 'பொத்' என்று ஒரு சத்தம், தடித்த புத்தகத்தை மூடினாற்போல. அந்தத் தோட்டா இல்லை. அப்படியானால் மிச்சம் பத்தொன்பதில் ஒன்று.

வீட்டுச் செருப்போடு சேற்று வயலில் ஓடினார். "ஐலா! சுடாதே! சுடாதே!"

பழைய வைக்கோல் கொட்டகை ஓரம் படுத்திருந்த ஐலா திரும்பவே இல்லை. இப்படிக் கத்துவது என்சியோவுக்கு வாடிக்கை. போன கோடையில் மட்டும் இரண்டு தடவை ஒன்றுமில்லாததற்குக் கத்தியிருக்கிறார். ஐலா கையை மட்டும் பின்னால் ஆட்டினார். "வாய மூடுய்யா! ஒண்ணு தப்பிடுச்சு, ஆனா இன்னும் அங்கயேதான் நிக்கிறான்."

காரணத்தைச் சொல்ல என்சியோவுக்கு மூச்சு வரவில்லை. ஐலா அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளித் துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தைச் சாய்ப்பது தெரிந்தது. குழலுக்கு முன்னால் சும்மாகூட யாரையும் நடக்க விடாத மனிதர், நேராகப் போய் அந்தக் குழலுக்கு முன்னால் நின்றார்.

நரி ஓடிவிட்டது.

"பைத்தியமாய்யா உனக்கு? சாவணுமா? சுட்டிருப்பேனே!"

"ஒண்ணுல... ரெண்டு கரண்டி விழுந்திருக்கு. எதுலன்னு தெரியல."

ஐலாவின் விரல் விசையை விட்டு விலகியது. கன்னத்தை மெல்லக் கட்டையிலிருந்து எடுத்தார். என்சியோ துப்பாக்கிக்குள் இருந்ததையும் பெட்டியில் இருந்ததையும் தன் தொப்பியில் கொட்டிக்கொண்டார். அவசரத்தில் சேற்றில் விழுந்த இரண்டையும் துடைத்து எடுத்துப் போட்டுக்கொண்டார்.

வீட்டில், பிளாஸ்டிக் சுத்தியல் போன்ற கருவியில் ஒவ்வொரு தோட்டாவாக மாட்டி, விறகுக் கட்டையில் தட்டிக் குண்டைக் கழற்றினார்கள். "குடு இங்க, உன் கை நிக்கல" என்று ஐலாவே தட்டினார். என்சியோ மருந்தை வெள்ளைத் தட்டில் கொட்டி எடை போட்டார். பதின்மூன்று வரை ஒரே எடை. பதினாலாவதில் தராசுத் தட்டு கீழே போயிற்று.

ஐலா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது பெட்டியில இருந்ததா? இல்ல, உள்ள தள்ளியிருந்தேனே, அதா?"

"தெரியலம்மா. எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிட்டேன்."

மிச்சம் ஐந்தையும் ஐலா தட்டி முடித்தார்.

என்சியோ காப்பி போட்டார், ஏலக்காய் ரொட்டியை நறுக்கினார். வழக்கம்போல இரண்டு கோப்பைகளைக் கவிழ்த்து வைத்தார். வழக்கம்போல ஐலாவின் கை போய்த் தன் கோப்பையை நிமிர்த்தியது. ஐலா குனிந்து அதன் உள்ளே பார்த்தார். பிறகு, சத்தம் வராமல், அதைத் திரும்பக் கவிழ்த்து வைத்தார்.