ஷாமளாவின் பகல் தூக்கம்

ஊரே விழித்துக்கொண்டு சத்தம் போடும் நேரத்தில்தான் ஷாமளா தூங்கியாக வேண்டும். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் அவளுக்கு இரவு வேலை. காலையில் மாசாயில் இருக்கும் வீட்டுக்கு வந்து படுத்தால் வலது தோள் பிராணனை வாங்கும். வலி கொஞ்சம் அசந்து கண் சொருகும்போது ரொட்டிக்காரர் ஐயாசாமியின் மோட்டார் சைக்கிள் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வந்து சேரும். அப்புறம் எங்கே தூங்குவது? தலை பின்னக்கூடக் கை மேலே எழும்பாது.

கிளினிக் டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். "வலியால தூக்கம் கெடுது, தூக்கம் கெட்டா வலி கூடுது. நல்லா தூங்குங்க. இல்லன்னா இந்த வேலைய விட்டுர வேண்டியதுதான்." விடுவதாம்! மகள் லோஷினி இன்னும் படிப்பை முடிக்கவில்லை.

ஆனால் சில வாரங்களில் என்ன மாயமோ, ஷாமளா அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். வலியும் குறைந்துகொண்டே வந்தது. தோளில் தேய்க்கும் தைலம் வேலை செய்கிறது என்று நினைத்தாள். ஒன்றுதான் மனசை அறுத்தது. ஐயாசாமியின் ஹாரனே கேட்பதில்லை, அந்தப் பக்கம் வருவதை விட்டுவிட்டார் போலும். வாய் ஓயாமல் பேசும் பக்கத்து வீட்டு ராசம்மாவோ, காலையில் இவளைக் கண்டதும் ஒரு சிரிப்போடு உள்ளே போய்விடுகிறார். ஒரு லீவு நாளில் பொறுக்கமாட்டாமல் அவர் வாசலுக்கே போய்விட்டாள்.

"ஏன்க்கா, நான் என்ன தப்பு பண்ணேன்? மூஞ்சி குடுத்தே பேச மாட்டேங்கிறீங்க!"

"அலமாக்! நல்லா கேட்ட போ. நீ தூங்கணும்னுதான் நாங்கல்லாம் வாயக் கட்டிக்கிட்டு கெடக்கோம். ஐயாசாமி முனையிலயே மோட்டர நிறுத்திட்டு நடந்து வராரு லா. உன் வீட்டுக்காரர்தான் வீடு வீடா வந்து கேட்டுக்கிட்டாரு."

கமலநாதனா? விருந்தில் இன்னொரு கரண்டி சோறு கேட்கவே கூச்சப்படுகிற மனுஷன்! அந்த வாயில்லாப்பூச்சியா வீடு வீடாகப் படியேறியது?

அவள் வீட்டுக்குத் திரும்பியபோது அவர் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையேங்க?"

"சொன்னா வேணாம்னிருப்ப," என்றார் திரும்பாமல். "உனக்காக நான் கேக்காம வேற யாரு கேப்பா?"

 இத்தனை பேர் தனக்காக அடக்கி வாசித்திருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும். ஷாமளா வாளியிலிருந்து ஈரப் போர்வையை எடுத்து, வலது கையை உயர்த்திக் கொடியில் போட்டாள்.

கமலநாதன் அந்தக் கையையே பார்த்தார்.

"வலிக்கலையா?"

"இல்லங்க."

மனுஷன் போர்வைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு அழுதார்.