டம்ளர் நகரும் நேரம்

மேல்தாடையை ஒரு கையிலும் கீழ்த்தாடையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, எதிரில் வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு அவர் சினிமா சொல்லிக்கொண்டிருப்பார். தாடைகள் இரண்டும் பிளாஸ்டரில் வார்த்தவை. எதிரில் இருப்பவரின் வாய் நிறைய அச்செடுக்கும் பசை. அது இறுகும்வரை பதில் வராது. அவருக்கும் பதில் தேவையில்லை.

"இது அப்பா." மேல்தாடை உயரும். "இது மகன். மேல்தாடை என்னிக்காவது அசைஞ்சு பாத்திருக்கீங்களா? அசையாது சார். கீழ்த்தாடைதான் இறங்கும், ஏறும். நம்மாளு படத்துல அப்பா வீட்ட விட்டு நகரவே மாட்டாரு. மகன் கோவிச்சுக்கிட்டுப் போவான், வருவான். கடைசியில ரெண்டும் ஒண்ணு சேந்தாத்தான் மெல்ல முடியும். இதுக்கு மேல ஒரு கதை வேணுமா? கடிங்க. அப்படியே இருங்க."

பல் கட்டுவது அவர் தொழில். 'நம்மாளு' என்பவர் ஒரு திரைப்பட இயக்குநர். இருவரும் சந்தித்ததில்லை. ஏதோ ஒரு விழாக் கூட்டத்தில் தூரத்திலிருந்து இயக்குநரின் முதுகை மட்டும் பார்த்துவிட்டு வந்து, "அவரு படத்துல வர்ற அதே முதுகு!" என்று ஒரு வாரம் மெய்சிலிர்த்துக் கிடந்தார்.

மனிதனுக்கு மனிதன் கடி மாறும், ஒரே மனிதனுக்கு மாறாது என்பது அவருடைய தொழில் நம்பிக்கை. ஆப்பிளைக் கடித்தாலும் பென்சிலைக் கடித்தாலும் தடம் ஒன்றுதான். இயக்குநரும் அப்படியே. துப்பறியும் படம் எடுக்கட்டும், பேய்ப் படம் எடுக்கட்டும், பல் பதிந்த இடம் இவருக்குத் தெரிந்துவிடும். சண்டை போடும் இருவர் ஒருவரையொருவர் பார்க்க மாட்டார்கள். இருவரும் ஒரே சன்னலைப் பார்ப்பார்கள். காதலர்கள் சமதரையில் சந்தித்த வரலாறே இல்லை. படிக்கட்டில் ஒருவர் ஏற, ஒருவர் இறங்க வேண்டும். கெட்ட செய்தி வருவதற்கு முன் வீட்டில் யாராவது துணி மடித்துக்கொண்டிருப்பார்கள். "மடிக்க உக்காந்துட்டாங்கய்யா, எவனோ போய்ச் சேந்துட்டான்" என்று இவர் இருட்டில் சொல்லி வாய் மூடுவதற்குள் திரையில் போன் அடிக்கும். முன் வரிசை திரும்பிப் பார்க்கும். தெருவில் அவருக்கு 'கிளைமாக்ஸ்' என்று பெயர் வந்தது இப்படித்தான். அதை விருது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இந்தச் சாஸ்திரம் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. மனைவி துவைத்த துணியை மடிக்க உட்கார்ந்தால் இவர் ஓடி வந்து தடுப்பார். "அப்புறமா மடிச்சுக்கயேன்."

"எப்ப? துணி தானா மடிஞ்சுக்குமா? பயமா இருந்தா நீங்க மடிங்க."

அன்றிலிருந்து அந்த வீட்டில் துணி மடிப்பது அவர்தான். மடித்து முடித்ததும் போனை எடுத்து ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்.

எல்லாத் தடங்களிலும் அவர் உயிரை விடுவது டம்ளருக்கு. "நம்மாளு படத்துல எவனும் மன்னிப்புக் கேக்கமாட்டான் சார். வாயத் திறந்து கேட்டா அது அசிங்கம். மேசையில ஒரு டம்ளர் தண்ணி நகரும். இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கத்துக்கு. அவ்வளவுதான். எதுத்தாப்புல இருக்கறவங்க எடுத்துக் குடிச்சுட்டா, தீந்துச்சு. எனக்கு அங்க கை ரெண்டும் தானா சேந்துக்கும்." இதைச் சொல்லும்போது அவர் நிஜமாகவே, தாடைகளோடு, கைகூப்புகிறார். பசையைக் கடித்தபடி இருப்பவர் தலையசைத்து ஆமோதிக்கிறார், வேறு வழி?

மனைவி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறார். டாக்டர்களின் கையெழுத்தையே படித்துப் பழகியவர் என்பதால் கணவரைப் படிப்பது அவருக்குப் பெரிய காரியமில்லை. திருமணமான நாளிலிருந்து அவருக்கு ஒரே ஒரு குறை. ஒரு படத்தின் முடிவைக்கூட அவர் தானாகப் பார்த்ததில்லை. எல்லா முடிவும் கணவரின் கிசுகிசுப்பாய் இடது காதுக்குத்தான் முதலில் வந்து சேரும். ஒரு கட்டத்தில் தியேட்டருக்குப் போவதையே விட்டுவிட்டார்.

அப்புறம், நெடுநாள் சும்மா இருந்த நம்மாளு ஒரு புதுப் படத்தோடு வந்தார். கடைசிப் படம் என்று பேச்சு. கிளைமாக்ஸ் கெஞ்சினார். மனைவி நிபந்தனை போட்டார்.

"வரேன். ஆனா வாயத் திறக்கக்கூடாது. ஒரு தடவையாவது என்ன ஆகுதுன்னு தெரியாம உக்காந்து பாக்கணும் நான். திறந்தீங்கன்னா எந்திரிச்சுப் போயிடுவேன். அப்புறம் ஆயுசுக்கும் உங்ககூட படத்துக்கு வரமாட்டேன்."

"சத்தியமா."

சொன்னபடியே இருந்தார் மனிதர். படிக்கட்டு வந்தது, பல்லைக் கடித்தார். சன்னல் வந்தது, விரல் நகத்தைக் கடித்தார். திரையில் ஒருத்தி துணி மடிக்கத் தொடங்கியபோது இருக்கையின் கைப்பிடியை அவர் பிடித்த பிடியில் அது கழன்று வந்திருக்கும். மனைவி ஓரக்கண்ணால் பார்த்து, பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டாராம்.

கடைசிக் கட்டம். வருஷக் கணக்கில் காணாமல் போயிருந்த கணவன் திரும்பி வந்து மேசையில் உட்கார்கிறான். எதிரில் மனைவி. வார்த்தை இல்லை. டம்ளர் நகர்கிறது. அவள் அதைப் பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே இருக்கிறாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள்.

அத்தனை படத்திலும் நடக்காத ஒன்று. தியேட்டரே மூச்சுவிடாமல் இருந்தது. அந்த அமைதியில் நம் கிளைமாக்ஸின் குரல் கிளம்பியது.

"குடிக்கணுமே!"

கூரை அதிரச் சிரிப்பு. எவனோ பின்னாலிருந்து, "பெரியவரே, உங்களுக்குத் தாகமா இருந்தா நீங்க குடிங்க!" என்றான். சிரிப்பு அடங்குவதற்குள் மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். இவர் செருப்பைக் காலால் துழாவி, ஒன்றை மாட்டி, ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

வெளியில் மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "குடிச்சாளா இல்லையான்னு நானே பாத்திருப்பேன்ல?"

ஆக, முடிவு இருவருக்குமே தெரியாது. கிளைமாக்ஸுக்குக் கிளைமாக்ஸ் தெரியாது! தெரு இதை வாய்க்கு ருசியாக மென்றது. பல் கட்ட வந்த வேன் டிரைவர் ஒருவர் நாற்காலியில் சாய்ந்ததுமே, "அண்ணே, நேத்துதான் அந்தப் படம் பாத்தேன். கடைசியில அந்தம்மா எந்திரிச்சு நேரா..." என்று ஆரம்பித்தார். முடிப்பதற்குள் பசை தடவிய அச்சுத் தட்டு வாய்க்குள் போயிருந்தது. "கடிங்க!" என்று கத்தினார் கிளைமாக்ஸ். அன்று கடையில் சினிமாப் பேச்சு இல்லை. தாடைகள் அலமாரியிலேயே இருந்தன.

முடிவைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவருக்கு ஒரு நிமிஷ வேலை. மனைவிக்குத் தெரியாத முடிவு தனக்கு மட்டும் எதற்கு என்று விட்டுவிட்டார்.

வீட்டில் பேச்சு, கேஸ் சிலிண்டர் தீர்ந்ததையும் குழாய் ஒழுகுவதையும் தாண்டவில்லை. சாப்பிடும்போது இவர் தன் சாஸ்திரப்படி ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக அந்தப் பக்கம் நகர்த்தினார்.

"தாகமில்ல," என்றார் மனைவி.

மறுநாளும் நகர்த்தினார். பளபளவென்று தேய்த்த டம்ளர்.

"தாகமெடுத்தா எனக்கே எடுத்துக் குடிக்கத் தெரியும்." மனைவி தட்டிலிருந்து கையை எடுத்தார். "தியேட்டர்ல திறக்காதீங்கன்னா திறக்கறீங்க. வீட்டுல திறங்கன்னா டம்ளரத் தள்ளுறீங்க. உங்க வாய எந்தக் கடையிலங்க கட்டினாங்க?"

கிளைமாக்ஸ் சன்னலைப் பார்த்தார். "நான் கத்தினது தப்புதான்."

"யாருகிட்ட சொல்றீங்க? எதிர் வீட்டுக்காரர்கிட்டயா?"

நாற்காலி கிறீச்சிட்டது. அவர் திரும்பினார். ஊரார் வாய்க்குள்ளெல்லாம் கண்ணை விட்டுப் பார்த்த மனிதருக்கு மனைவியின் முகத்தை நேராகப் பார்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"தப்புதான். நீ ஆசையா ஒண்ணே ஒண்ணு கேட்டே. அதக் கெடுத்துட்டேன். மன்னிச்சுக்க."

"ம்," என்றார் மனைவி. தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். டம்ளர் வைத்த இடத்தில் வைத்தபடி நிறைந்து நின்றது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "அந்தப் படம் இன்னும் ஓடுதா?"

அடுத்த நாள் கடையில் அவர் மெழுகை உருக்கினார். கட்டையாகப் பிடித்து, சூடு ஆறுவதற்குள் தன் வாயில் வைத்துக் கடித்தார். எத்தனையோ பேருக்குக் கடி எடுத்தவர், தன் கடியைத் தானே எடுப்பது இதுதான் முதல் தடவை. வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, வாடிக்கையாளர்களுக்குப் பல்செட் போட்டுக் கொடுக்கும் சின்ன டப்பாவில் வைத்து மூடினார்.

சாயங்காலக் காட்சி. விளக்கு அணைந்ததும் டப்பா திறந்தது. மனைவி பார்த்துக்கொண்டிருக்க, மெழுகுக் கட்டையை வாய்க்குள் வைத்து நறுக்கென்று கடித்துக்கொண்டார். கன்னம் இரண்டும் உப்பின. மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

படிக்கட்டு வந்தது. சன்னல் வந்தது. துணி மடிந்தது. கணவன் திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்தான். இந்தப் பக்கத்தில் மெழுகுக்குள் பல் இறங்கியது.

அப்போது இருக்கைகளுக்கு நடுவிலிருந்த கைப்பிடியில் ஏதோ உரசும் சத்தம். மனைவியின் தண்ணீர் பாட்டில். மூடி திறந்திருந்தது. கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே மனைவி அதை ஒரு விரலால் மெல்ல இந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார்.

கிளைமாக்ஸ் பாட்டிலைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். திரையில் டம்ளர் நகர்ந்துகொண்டிருந்ததை மட்டும் பார்க்கவில்லை. இரண்டு விரலை வாய்க்குள் விட்டு, கடித்த தடத்தோடு மெழுகை வெளியே எடுத்தார். சத்தமில்லாமல் குடித்தார்.