பெருவிரல் வாதமும் நான் வைத்த நேர்த்தியும்

1. மெஷின் நின்ற காலை

குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய திங்கட்கிழமை. கண்டி நகரத்தில் ஒரு துணிக்கடையின் முன்பக்கத்தில் என் தையல் மெஷின் இருந்தது. மிதியில் கால் வைத்ததும் கத்திவிட்டேன். வலது கால் பெருவிரல் சிவந்து, வீங்கி, மினுங்கியது. மஸ்லின் துணியின் நுனி பட்டதற்கே கண்ணீர் வந்தது. அந்த வருஷத்தில் அது இரண்டாம் தடவை.

கடை முதலாளி நல்ல மனுஷர், தொழுகை தவறாதவர். ஆனாலும் கடை கடைதானே.

"சூசை மாஸ்டர், பாஸ்குப் பெருநாளுக்கு பதினாலு உருப்படி கையில ஈக்கி. வார திங்களுக்குள்ள கால் சரிவரல்லாட்டி மெஷின மருமகனுக்குத்தான் குடுக்க வேணும்."

"கொஞ்சம் பொறுங்க முதலாளி. அந்தோனியாருக்கு நேர்த்திக்கடன் வச்சிருக்கேன்."

"நேர்த்தியும் வைங்க, மருந்தும் வைங்க."

மெஷின் போனால் நாலு பிள்ளைகளோடு வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கே நான் திரும்ப வேண்டும். அந்தக் காலோடு மலை ஏறுவது எப்படி?

2. அப்போதிக்கரி ஐயாவின் விசாரணை

ரிக்ஷாவில் மருந்துச்சாலைக்குப் போனேன். அங்கே மருந்து எழுதித் தரும் உதவி வைத்தியரான அப்போதிக்கரி யாழ்ப்பாணத்தவர். இறைச்சியையும் கள்ளையும் விடும்படி போன வருஷமே எனக்குச் சொன்னவர்.

"இறைச்சியை விட்டனீரோ?"

"தவக்காலம் தொடங்கி ஒரு துண்டு தொடலீங்க ஐயா. கள்ளும் இல்லை."

"அப்ப சோத்துக்கு என்ன?"

"நெத்தலிக் கருவாடுங்க. தினமும்."

அவர் சிரித்துவிட்டார். "இறைச்சியை வாசலாலை அனுப்பிப்போட்டு, நெத்தலியைக் கூரை பிரிச்சு இறக்கியிருக்கிறீர்! ரெண்டும் இந்த வருத்தத்துக்கு ஒண்டுதான். தண்ணி வடிவாக் குடிக்கிறனீரோ?"

மருந்துப் போத்தல்களைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பினேன். அவர் விடவில்லை.

"தவக்காலம் முழுக்க மத்தியானக் கோயில் மணி அடிக்கும்வரை தண்ணி தொடமாட்டேங்க. அதுதான் நேர்த்தி."

"என்னத்துக்கு நேர்த்தி?"

"கால் சுகமாகணும்னு."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "உடம்பிலை தேங்கின அமிலம்தான் விரலிலை ஊசி மாதிரிக் குத்துது. அது மூத்திரத்தோடை போகவேணும். தண்ணி இல்லாமல் எப்பிடிப் போகும்?"

கொல்சிக்கம் துளி மருந்து தந்தார். வயிறு இளகினால் உடனே நிறுத்தச் சொன்னார். காலைத் தலையணையில் உயர்த்தி வைக்க வேண்டும், நெத்தலியும் ஈரலும் கள்ளும் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்றார்.

மருந்தை வாங்கினேன். தண்ணீரைக் குடிக்க மட்டும் மனம் துணியவில்லை. புனிதருக்குக் கொடுத்த வாக்கை அப்போதிக்கரி சொன்னார் என்று முறிக்கலாமா?

3. சுவாமி மாற்றித் தந்த நேர்த்தி

மறுநாள் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு, பங்குச் சுவாமியிடம் போய் எல்லாம் சொன்னேன்.

"இந்த நேர்த்திய வைக்குமுன்ன என்கிட்ட கேட்டியா சூசை?"

"இல்லைங்க சுவாமி."

"அந்தோனியார் கேட்டாரா?"

மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"நேர்த்திய மாத்தித் தாறேன். எழுந்ததும் ஒரு செம்பு தண்ணி குடி, ஒரு பரலோக மந்திரம் சொல்லு. அப்போதிக்கரி விடச் சொன்னதெல்லாம் விடு."

"எத்தனை நாளைக்குங்க?"

"கால் உனக்கு எத்தனை நாளைக்கு வேணும்?"

அங்கேயே தண்ணீர் வாங்கிக் குடித்தேன். வெள்ளிக்கிழமைக்குள் சிவப்பு இறங்கியது. திங்கட்கிழமை, தேவனுடைய கிருபையால், வலது காலைத் தரையில் ஊன்ற முடிந்ததால், இடது காலால் மிதித்துத் தைக்க உட்கார்ந்தேன். முதலாளி விரலைக் குனிந்து பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு, வெட்டிய துணிகளை முன்னால் வைத்தார். பதினாலு உருப்படியும் பாஸ்குக்கு முந்திய பெரிய சனிக்கிழமைக்குள் முடிந்தன.

4. பாஸ்கு விருந்து

உண்மையான சோதனை அதன் பிறகுதான் வந்தது. ஆண்டவர் உயிர்த்த ஞாயிறன்று நாவலப்பிட்டியில் மச்சான் வீட்டு விருந்தில் ஈரல் பொரியலும் கள்ளும் முன்னே வந்தன.

"என்ன மச்சான், தவக்காலம்தான் முடிஞ்சுபோச்சே!"

"உங்களுக்கு முடிஞ்சுது. எனக்கு முடியலை" என்றேன். எல்லோரும் கேலி செய்தார்கள். வாயில் எச்சில் ஊறியதை மறைக்க மாட்டேன்.

அன்றிலிருந்து இன்றுவரை இரண்டு தரம் ஆசைப்பட்டுத் தவறினேன். இரண்டு தரமும் விரல் வீங்கியது. மற்றபடி வேலைக்குத் தடையில்லை.

மிதி மெஷினில் பிழைக்கும் தம்பிமாருக்கு ஒன்று சொல்வேன். மருந்து கொடுப்பவரிடம் போனால், தின்பதைச் சொல்வதுபோல் தின்னாமல் குடிக்காமல் இருப்பதையும் சொல்லுங்கள். என் பக்தியில் அவருக்கு என்ன வேலை என்று நான் மறைத்தேன். நாற்பது நாள் தாகத்தை நானாகத்தான் தேர்ந்தெடுத்தேன், அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஆண்டவர் என்னிடம் கேட்டதோ, யாரும் மெச்சாத சின்ன அடக்கம், ஒவ்வொரு நாளும்.