நாகப்பட்டினம் அனுப்பிய மாற்றாள்

எங்கள் அணியில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. ஊர்தான் பெயர். திருப்பனந்தாள், தரங்கம்பாடி, நாகப்பட்டினம். என்னை மட்டும் கேப்டன் என்பார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பதால், ஊர் பெயர் சொல்லிக் கூப்பிட அவர்களுக்குப் பயமாக இருந்திருக்கலாம். தஞ்சாவூரில் ஓர் உரக்கடையின் மாடியில் எங்கள் பயிற்சி அறை. எத்தனை முறை துவைத்தாலும் எங்கள் ஜெர்சியில் பூச்சிமருந்து வாசம் போகாது.

போனில் ஆடுகிற விளையாட்டுதான் எங்கள் தொழில். ஒரு தீவில் பல அணிகள் இறங்கும், அணிக்கு நான்கு பேர். நிற்கிற இடம் சுருங்கிக்கொண்டே வரும். கடைசிவரை உயிரோடு இருக்கும் அணி ஜெயித்தது. இதுகூடப் பரவாயில்லை. அந்த நான்கு பேரை ஒன்றாக வைத்திருப்பதில்தான் தாவு தீர்ந்துபோகும். ஒருவன் சிங்கப்பூருக்குப் போனான். இன்னொருவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. "மாப்பிள்ளை என்ன பண்றாரு?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி மாளாமல், அவன் மாமனாரே அவனை ஒரு பைக் ஷோரூமில் சேர்த்துவிட்டார். மூன்றாமவன் மேல்படிப்புக்குப் போனான். எங்கள் தெருப் பையன்கள் நால்வராகத் தொடங்கியதில் மிச்சம் நான் ஒருவன்.

அதனால் அணிக்கு ஒரு சட்டம் போட்டேன். என் அம்மா நடவுக்கு ஆட்களைக் கூட்டிப் போகிறவர். அவர் குழுவில் யாருக்காவது உடம்பு முடியவில்லை, வீட்டில் காதுகுத்து என்றால், தன் வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ ஒருவரை அனுப்பிவிட்டுத்தான் நிற்க வேண்டும். அதற்கு மாற்றாள் விடுவது என்று பெயர். "வரமுடியலன்னா போ, நான் வேணாங்கல. ஆனா ஒன் எடத்துல ஒரு ஆள நிறுத்திட்டுப் போ" என்பார். அதையே நானும் சொன்னேன். அணியை விட்டுப் போகிறவன் தன் இடத்துக்கு ஆள் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். சிங்கப்பூர் போனவன் திருப்பனந்தாளைக் கொண்டுவந்தான். ஷோரூம் மாப்பிள்ளை தரங்கம்பாடியை நிறுத்திவிட்டுப் போனான். படிக்கப் போனவன் நாகப்பட்டினத்தை நிறுத்தினான். சட்டம் நன்றாகத்தான் வேலை செய்தது, நாகப்பட்டினம் போகும்வரை.

நாகப்பட்டினம் எங்கள் அணியின் துப்பாக்கி. அவன் குறி தப்பி நான் பார்த்ததே இல்லை. நாங்கள் ஆடும் லீக் போட்டியில், பருவத்தின் நடுவில் ஆள் மாற்றிக்கொள்ளக் கொஞ்ச நாள் அனுமதி உண்டு. அந்தச் சமயம் பார்த்து மும்பையின் பெரிய அணி ஒன்று அவனைக் கூப்பிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. அவனுக்காகப் பெருமையாகவும் இருந்தது. லீக்கில் நாங்கள் அடிமட்டத்தில் கிடந்தோம். கடைசியில் நிற்கும் அணிகள் வெளியேறிவிட வேண்டும். எங்கள் ஜெர்சியில் தன் அரிசி ஆலையின் படத்தைப் போட்டு எங்களை நடத்திவந்த முதலாளி வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

"லீக்ல நின்னீங்கன்னா அடுத்த வருஷமும் நான் இருக்கேன். வெளிய வந்துட்டீங்கன்னா ரூமக் காலி பண்ணிடுங்க தம்பி."

மறுநாள் நாகப்பட்டினம் தன் மாற்றாளோடு வந்தான். பின்னால் கைப்பையை மாட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தார்.

"எங்கக்கா அண்ணே. மருந்துக்கடையில வேலை பாக்குது."

"டேய், நான் ஆடுற ஆளக் கேட்டேன்டா."

"வீட்லேர்ந்து யாரையாவது நிறுத்தலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

நான் போட்ட சட்டம் என் கழுத்தையே பிடித்தது. அந்தப் பெண்ணுக்கும் பொறுமை போய்விட்டது. "கடைக்கு லீவு போட்டுட்டு வந்திருக்கேங்க. ஆடச் சொல்லுவீங்களா, இல்ல இப்படியே நிக்கணுமா?"

ஆடச் சொன்னோம். அவர் ஒருவரையும் சுடவில்லை. திருப்பனந்தாள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். ஆனால் திருப்பனந்தாள் செத்தான், தரங்கம்பாடி செத்தான், நானும் செத்தேன். அவர் மட்டும் ஒரு புதருக்குள் சாவகாசமாகப் படுத்திருந்தார். எப்படி என்று கேட்டேன்.

"எங்க வீட்ல ரெண்டு பேருக்கும் ஒரே போனுங்க. ஆட்டத்துல செத்தா, போன அடுத்தவங்க கையில குடுத்துடணும். குடுக்க மனசு வராது. அதனால நான் லேசுல சாகமாட்டேன். இவன் இருக்கானே, எப்படியும் நான் புடுங்கிருவேன்னு இவனுக்கு அவசரம். போனதும் நாலு பேரச் சுட்டுட்டு செத்துருவான்."

அப்போதுதான் எங்கள் அணியின் சீக்கு எனக்குப் புரிந்தது. சுடுவதற்கு எங்களில் ஆள் இருந்தது, சாகாமல் இருப்பதற்குத்தான் ஆள் இல்லை. அவரையே சேர்த்துக்கொண்டேன். "நடவுக்கா தம்பி ஆள் எடுக்கறீங்க?" என்று ஆலை முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். அக்கா மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டு வந்தார். அவர் படுக்கச் சொன்ன இடத்தில் படுத்தோம், எழுந்திருக்கச் சொன்னபோது எழுந்தோம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டேன். வாரத்துக்கு வாரம் ஒவ்வோர் அணியாகத் தாண்டி மேலே வந்தோம்.

கடைசி நாள் ஆட்டம் சென்னையில், பெரிய அரங்கில். அன்றைய கடைசி ஆட்டத்தை ஜெயித்தால் லீக்கில் இருப்போம், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆட்டம் முடியும் நேரத்தில் எங்கள் பக்கம் நானும் அக்காவும் மிஞ்சினோம். எதிரில் ஒரே ஒருவன், ஒரு பாறைக்குப் பின்னால். மும்பை ஜெர்சி போட்ட எங்கள் நாகப்பட்டினம்.

எனக்கு விரல் துறுதுறுத்தது. "ரெண்டு பேரு இருக்கோம், போயிடலாம்" என்றேன்.

"கெடங்க கேப்டன்."

"எல்லை சுருங்குதுங்க!"

"கெடங்கன்னா கெடங்க. அவனுக்குக் காத்திருக்கத் தெரியாது. அவனே வருவான்."

என் வாழ்நாளில் நான் யார் சொல்லியும் அப்படிச் சும்மா கிடந்ததில்லை. பாறைக்குப் பின்னால் தலை ஒன்று எட்டிப் பார்த்தது, மறைந்தது, பிறகு முழு ஆளும் எழுந்து எங்களை நோக்கி ஓடி வந்தான். அக்கா சுட்டார். அரங்கம் அதிர்ந்தது.

ஜெயித்துவிட்டோம்! நான் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன். திருப்பனந்தாள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதான், நானும் அழுதேன், எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஆலை முதலாளி முன்வரிசையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார். அம்மாவின் போன் வந்தது. சம்பா நடவை நிறுத்திவிட்டு, வரப்பில் ஏறி, குழு முழுவதும் ஒரே போனில் பார்த்தார்களாம். அம்மா என்ன சொன்னார் என்றே கேட்கவில்லை, அத்தனை பெண்களும் சேர்ந்து போட்ட குலவைதான் கேட்டது.

எங்கள் கூச்சலுக்கு நடுவில் நாகப்பட்டினம் மேடையைக் கடந்து வந்தான். முகம் தொங்கிப் போயிருந்தது. திட்டப்போகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் நேராக அக்காவிடம் போய், பையிலிருந்த தன் போனை எடுத்து நீட்டினான்.

"இந்தாக்கா. செத்துட்டேன். ஒன் மொற."

அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் அழுவதை அன்றுதான் பார்த்தேன்.

"நான் புடுங்காம நீயே குடுத்தது இதான்டா மொத தடவ" என்றார்.