நூற்றிரண்டாம் பக்கம்

கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பது தொழில். மயிரிழையில் பாதி அளவு தப்பினாலும் உருப்படி திரும்பி வந்துவிடும் என்பதால், அளந்து பார்க்க முடியாத எதையும் நம்பாமலேதான் ஐம்பது வயதைத் தாண்டினேன். பேய், முனி, செய்வினை என்று யாராவது ஆரம்பித்தால் டீ குடிக்க எழுந்து போய்விடுகிற ஆள். இதைக் கேட்டுவிட்டு நீங்களும் அப்படி எழுந்து போனால் எனக்கு வருத்தமில்லை.

எனக்கு இருக்கிற ஒரே பித்து பழைய புத்தகம். அதிலும் முதல் பதிப்பு, எழுதியவர் கையெழுத்தோடு இருந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. உக்கடத்தில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் காதர் பாய்க்கு இது தெரியும். நல்ல சரக்கு எங்காவது இருப்பதாகக் காதில் விழுந்தால் போன் செய்வார். மூன்று வருடம் முன்பு ஒரு மாசி மாதம் அப்படித்தான் கூப்பிட்டார். காங்கேயத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் எண்ணெய் மில்காரர் ஒருவர் இறந்து ஒன்றரை வருடமாகிறது, இரண்டு பீரோ நிறையப் புத்தகம், அந்த அம்மாவுக்குக் கண் தெரியாது, படிக்கிறவர் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்கிறார்கள், முதலில் நீங்கள் போய்ப் பாருங்கள் என்றார்.

மறுநாள் காலையே காரை எடுத்தேன். களத்தில் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது, வீட்டுக்குள் வரைக்கும் அந்த வாசம். மில்காரர் மனைவி சரஸ்வதி அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். சர்க்கரையில் இரண்டு கண்ணும் போய்விட்டது. கூடவே இருந்து பார்த்துக்கொள்கிற செல்வி அவருக்கு அண்ணன் மகள், முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண். அவள்தான் பீரோவைத் திறந்துவிட்டு காபி போடப் போனாள்.

இரண்டாவது பீரோவின் கீழ்த்தட்டில் அது இருந்தது. எழுத்தாளர் பெயரையும் நாவல் பெயரையும் சொல்லப் போவதில்லை, காரணம் உங்களுக்கே புரியும். ஐந்நூறு பிரதிதான் போட்டார்கள், மறுபதிப்பே வரவில்லை, நான் இருபது வருடமாகத் தேடிய புத்தகம். முதல் தாளில் நீல மசியில் கையெழுத்து, கீழே அந்த மில்காரரின் பெயர், கல்லூரியில் படித்த காலத்தில் நேரில் வாங்கியிருக்கிறார்.

அந்தப் புத்தகம் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பெரிய தாளில் அச்சடித்து, மடித்துத் தைப்பார்கள். ஓரம் வெட்டாமல் வெளியிட்டால் பக்கங்கள் மடிப்பில் ஒட்டியே இருக்கும், வாங்குகிறவர்தான் கத்தியால் கீறிக்கீறிப் படிக்க வேண்டும். கீறாத பிரதி என்றால் எங்களைப் போன்றவர்களுக்குப் பொக்கிஷம். ஆனால் அன்றைக்கு நான் அதையெல்லாம் பார்க்கவில்லை. அந்த அம்மாள் மனசு மாறுவதற்குள் கிளம்பிவிட வேண்டும், அவ்வளவுதான் நினைப்பு.

"எல்லாத்தையும் எடுத்துக்கங்க கண்ணு," என்றார் சரஸ்வதி அம்மாள். "ஒண்ணே ஒண்ணு. இருக்கறதுலயே எது ஒசத்தியோ அதுல கொஞ்சம் வாசிச்சுக் காட்டிப்போட்டுப் போங்க. எங்கூட்டுக்காரரு ஒரு நாளும் எனக்கு வாசிச்சதில்லீங்க."

எதிரே நாற்காலியில் உட்கார்ந்து நடுவாக்கில் பிரித்தேன். நூற்றிரண்டாம் பக்கம். பக்க எண்ணைப் பார்த்துக்கொள்வது சேகரிக்கிறவனுக்குப் பழக்கம், அதில் எனக்குத் தப்பு வராது. பகல் பதினோரு மணி, நல்ல வெளிச்சம், கண்ணாடியும் போட்டிருந்தேன்.

நான் வாசித்தது இதுதான். தாய் இல்லாத ஒரு பெண் அக்காள் வீட்டில் வளர்கிறாள். பத்தொன்பது வயது. ஒரு நாள் விடிந்தால் அவளைக் காணோம். லாரிக்காரனோடு போய்விட்டாள் என்று அக்காள் புருஷன் ஊரைக் கூட்டிச் சொல்கிறான். அன்றைக்கே தோட்டத்துப் பாழுங்கிணற்றை மூட மாட்டு வண்டியில் மண் அடிக்கிறான். மூன்றாவது வண்டி கொட்டப் போகும்போது வண்டிக்காரன் நிற்கிறான். "ஏனுங்க, உள்ளுக்குள்ள சத்தங் கேக்குதுங்களே" என்கிறான். "பொறாவா இருக்கும், நீ கொட்டு" என்கிறான் அக்காள் புருஷன், கிணற்றுப் பொந்தில் அடைகிற புறாவாம். இரண்டு பேச்சும் அசல் எங்கள் ஊர்ப் பேச்சு. தஞ்சாவூர்க்காரர் எழுதியது, எப்படி இவ்வளவு அச்சாகப் பிடித்தார் என்று வாசிக்கும்போதே உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். அப்புறம் அந்தக் கிணற்றின் மேல் மோட்டார் ரூம் கட்டுகிறார்கள்.

"அந்த ரூமு எந்தப் பக்கம்னு போட்டிருக்குதுங்களா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

அடுத்த வரியிலேயே இருந்தது. வடக்குத் தோட்டம், இரட்டைத் தென்னைக்குக் கிழக்கே. வாசித்தேன்.

"போதுங் கண்ணு."

கதையில் லயித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. பெட்டி பெட்டியாகக் காரில் ஏற்றிக்கொண்டு, அந்த ஒரு புத்தகத்தை மட்டும் பக்கத்து சீட்டில் வைத்து, குழந்தையைக் கூட்டிப்போவது போல மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை பட்டறைக்குப் போகும் முன் புத்தகத்தைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். தாள் குறைகிறதா, பூச்சி அரித்திருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்ப்பது வழக்கம். தொண்ணூற்றாறாம் பக்கம்வரை மில்காரர் கத்தியால் கீறிப் படித்திருந்தார். அதற்கு மேல் கீறவில்லை. தொண்ணூற்றேழிலிருந்து கடைசிவரை மடிப்பு மடிப்பாக ஒட்டியபடியே இருந்தது. நூற்றிரண்டும் நூற்றுமூன்றும் மடிப்புக்கு உள்ளே. அங்கே விரல் நுழையாது.

வேறு புத்தகத்தை வாசித்திருப்பேன் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டேன். கொண்டுவந்த அத்தனையையும் புரட்டினேன், இரண்டு நாள் பட்டறைக்கே போகவில்லை. அந்தக் கிணறும் வண்டியும் எதிலும் இல்லை. மடிப்பின் வாயை டார்ச் அடித்துப் பார்த்தால் ஏதோ கல்யாணப் பந்தி, பாயசம் என்று அரைகுறையாகத் தெரிந்தது. வீட்டில் கேட்டதற்கு, தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

ஐந்தாம் நாள் செல்வி போன் செய்தாள்.

"அண்ணா, அத்தைகிட்ட நீங்க என்னங்ணா படிச்சீங்க?"

"ஏம்மா?"

"நீங்க போனதுலேருந்து அத்த சோறே உங்கலீங்ணா. நேத்து ஆள உட்டு மோட்டார் ரூமை இடிக்கச் சொல்லிருச்சு. எல்லாரும் பைத்தியம் புடிச்சிருச்சுன்னாங்க. இன்னிக்கு ஜேசிபி வெச்சுத் தோண்டுனாங்க. உள்ள எலும்பு கெடந்துதுங்ணா. சின்னத்தைங்ணா. தங்கமணி அத்தை. நான் பொறக்கறப்பவே அது லாரிக்காரனோட ஓடிப்போயிருச்சுன்னுதாங்க எங்கூட்டுல சொல்லுவாங்க."

லேத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

போலீசில் கூப்பிட்டார்கள், புத்தகத்தோடு போனேன். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், அதட்டவில்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, புத்தகத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை எப்படிங்க வாசிச்சீங்க? ஒட்டியிருக்குதே."

என்னைக் கேட்டுக்கொண்டு மேஜையிலிருந்த பிளேடால் அந்த மடிப்பை மட்டும் கீறினார். கல்யாணப் பந்திதான். நூற்றிரண்டாம் பக்கத்தில் பெண் வீட்டார் பாயசத்துக்குச் சர்க்கரை போதவில்லை என்று சண்டை பிடிக்கிறார்கள். அவர் முதல் தாளைத் திருப்பி அச்சான வருடத்தைப் பார்த்தார்.

"இது வந்தப்ப அந்தப் பொண்ணு பொறக்கவே இல்லீங்களே," என்றார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, "அந்தம்மாவுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். சொல்றதுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்துச்சு. நீங்க எதையோ வாசிச்சீங்க, அவங்க அவங்க மனசுல இருந்ததைக் கேட்டுக்கிட்டாங்க. அப்படியே எழுதிக்கறேன், உங்களுக்கும் தொந்தரவில்ல," என்றார்.

நியாயமான பேச்சு. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் வண்டிக்காரன் பேச்சை என் வாயால் நான் சொன்னேனே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது. அந்த வண்டிக்காரர் இறந்து வெகுகாலமாகிறது. செய்த மில்காரரும் போய்விட்டார், மாலையும் மரியாதையுமாக எடுத்தார்களாம். கேஸ் என்று நடத்த யாரும் மிச்சமில்லை.

தங்கமணிக்குக் காரியம் முடிந்த பிறகு ஒரு நாள் சரஸ்வதி அம்மாளைப் பார்க்கப் போனேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடத்தான் போனேன். தொட மாட்டேன் என்றுவிட்டார். அவர் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார், பாதி ஆளாக இளைத்திருந்தார். எதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல், "அன்னிக்கு நான் வாசிச்சது உங்களுக்கு நெசமாக் கேட்டுச்சுங்களா?" என்றேன்.

"கேட்டுதுங்க. நாலு பக்கம் இருக்கும்ல? ஆனா தாள் பொரட்டற சத்தம் ஒருக்காக்கூடக் கேக்கலீங்க. கண்ணு போனவளுக்குக் காதுதானுங்க எல்லாம். அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. குறுக்க பேசுனா நின்னுருமோன்னு பேசாம இருந்துபோட்டேன்."

எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. அவர் பேச்சை நிறுத்தவில்லை.

"அந்த இன்ஸ்பெக்டரு எனக்கு முன்னாடியே தெரியுங்கறாரு. தெரியாதுங்க. ஆனா அன்னிக்கு மண்ணடிச்சப்ப வண்டிக்காரனுக்குச் சோறு கொண்டுக்கிட்டு நாந்தானுங்க போனேன். கெணத்து மேட்டுல நின்னேன். எனக்குங் கேட்டுதுங்க. என்னங்க சத்தம்னு கேட்டேன். பொறாதான் அம்மணி, நீ ஊட்டுக்குப் போன்னாரு. போயிட்டேன்."

கையால் சேலைத் தலைப்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"பொறான்னு நெனச்சேனா, பொறாவா இருக்கட்டும்னு நெனச்சேனா, அது மட்டும் எனக்குத் தெரியிலீங்க கண்ணு. அதுல எழுதியிருந்துச்சுங்களா?"

இல்லை என்றேன். அது பொய்யில்லை, அந்த இடத்துக்குப் போவதற்குள் அவர்தான் போதும் என்று நிறுத்தியிருந்தார். அடுத்த மழைக்காலத்தில் அவர் போய்விட்டதாகச் செல்வி சொன்னாள்.

புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. சென்னையிலிருந்து இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள், கொடுக்கவில்லை. இன்ஸ்பெக்டர் கீறிய மடிப்பு போக மீதி அப்படியே இருக்கிறது. விற்றால் வாங்குகிறவர் கீறிப் படிப்பார். அதில் பாயசச் சண்டையின் தொடர்ச்சிதான் இருக்கும், வேறு என்ன இருக்கப்போகிறது. இத்தனை தெரிந்தும், போன வாரம் பேத்தி ஒரு கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்து வாசிக்கச் சொன்னபோது, ஒவ்வொரு தாளையும் விரலால் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.