சேதாரமின்றி வளையத்துக்கு வெளியே

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொண்டே இருக்கட்டும். தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு ஜப்பான்காரனின் சூமோ மல்யுத்தத்துக்கு ஆங்கிலத்தில் இணைய இதழ் நடத்துகிறோம். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

நானும் என் தோழியும் துறைமுகம் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் சரக்குக் கடிதங்கள் அடிக்கிறவர்கள். நாங்கள் டிபன் பாக்ஸைத் திறக்கிற நேரமும் அங்கே பெரிய வீரர்கள் களத்தில் இறங்குகிற நேரமும் ஒன்று. ஒருநாள் அவள் போனில் தற்செயலாகப் பார்த்தோம். ஆட்டத்துக்கு முன்னால் ஒருவன் கை நிறைய உப்பை அள்ளி வீசினான். "ஏளா, நம்ம உப்ப மாதிரியே இருக்கு பாரு!" என்றாள். உப்பளத்து ஊர்க்காரிகளுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? அன்றைக்கே பித்துப் பிடித்துவிட்டது.

எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, "குண்டனுவ மல்லுக்கட்டுதத என்னத்தப் பாக்கிய?" என்று கேலி பண்ண வந்தார். மறுநாளே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இணையதளம் செய்யத் தெரிந்தவர் அவர்தான். தமிழில் நடத்தலாமென்றால் ஊரில் வாசகர்கள் மூன்றே பேர், அதுவும் நாங்களே. அதனால் ஆங்கிலம்.

எங்களுக்குத் தெரிந்ததோ கப்பல் கடித ஆங்கிலம். அங்கே பெரிய வீரன் தோற்றால் ஜனங்கள் தாங்கள் உட்கார்ந்திருக்கும் மெத்தைகளை எடுத்துக் களத்தில் வீசுவார்கள். முதல் இதழில் அப்படியொரு ஆட்டத்தைத் தோழி இப்படி எழுதினாள்: 'மேற்படி வீரர் தமது எதிராளியைச் சேதாரமின்றி வளையத்துக்கு வெளியே இறக்கினார். பார்வையாளர்கள் தரப்பிலிருந்து மெத்தைகள் வந்து சேர்ந்தன.' எங்கள் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனாலும் கூச்சத்தில் யார் பெயரும் போடவில்லை.

வெளிநாட்டு ரசிகர் ஒருவர், சூமோ ரசிகர் வட்டாரத்தில் பெரிய கை, அந்த வரிகளைப் படம் பிடித்து இணையத்தில் போட்டு, 'இது மல்யுத்தமா, உர மூட்டை இறக்குவதா?' என்று கேட்டார். கண்டவனெல்லாம் வந்து சிரித்தான். பிறகு அவரே எங்களுக்கு எழுதினார். ஆங்கிலத்தை இலவசமாகத் திருத்தித் தருவாராம், ஆசிரியர் என்று அவர் பெயரைப் போட வேண்டுமாம்.

"ஓசியில வாரத ஏன் விடணும்?" என்றார் அண்ணாச்சி.

தோழி சாப்பிடாமலே டிபன் பாக்ஸை மூடினாள். "நான் தமிழ் மீடியம்ளா. எனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேல? இனிமே நான் எழுதல."

எங்கள் மூவரில் ஆட்டத்தைப் பார்க்கத் தெரிந்தவள் அவள்தான். எவன் கால் வழுக்கப்போகிறது, எவன் பிடி தளர்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவாள். அவள் எழுதாத இதழ் எனக்கு எதற்கு?

கத்தியே விட்டேன். "ஏன் எழுத மாட்ட? இந்த இங்கிலீஷ வச்சுதான ரெண்டு பிள்ளையலப் படிக்க வைக்க? புரியலன்னு எந்தக் கப்பக்காரனாவது திருப்பி அனுப்பிருக்கானா? சிரிக்கவன் வந்து நமக்குச் சோறு போடுதானா?"

"சரி, அதுக்கு ஏம்மா இந்தக் கத்து கத்துத?" என்றார் அண்ணாச்சி.

"நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி. ஓசிக்கு ஆசப்பட்டு வீட்டையே எழுதிக் குடுத்துருவிய போலிருக்கே."

அவர் எழுந்து கடைக்குப் போய்விட்டார். தோழி டிபன் பாக்ஸைப் பையில் வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள். அன்று சாயங்காலம் வரை சரக்குக் கடிதங்கள்தான் அடித்தாள், என் பக்கம் திரும்பவே இல்லை. போச்சு, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் மதியம் ஆட்டம் தொடங்கியது. அவள் போனைப் பார்க்கவில்லை. விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து அந்த ஆளுக்குப் பதில் அடித்தாள், வழக்கமான கப்பல் ஆங்கிலத்தில்: 'தங்கள் சரக்கு பார்வையிடப்பட்டு நிராகரிக்கப்பட்டது. சொந்தச் செலவில் திருப்பி எடுத்துக்கொள்ளவும்.'

அண்ணாச்சி ஸ்டூலிலிருந்து விழாத குறையாகச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அதற்குக் கீழே தன் பெயரை இனிஷியலோடு முழுசாக அடித்தாள். அதற்கும் கீழே 'ஆசிரியர், தூத்துக்குடி' என்று அடித்து அனுப்பினாள்.

"இப்ப சோத்தப் போடுளா, பசிக்கி" என்றாள்.